காணி வாங்குமுன் கிணற்றைக் கேளுங்கள்

நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறினால் யாழ்ப்பாணத்துக்குப் பிள்ளைகள் வந்து சேருவார்கள். பழக்கத்தினாலே ‘பிள்ளைகள்’ என்று எழுதிவிட்டேன். அறுபதைத் தொட்டவர்கள் அவர்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்து, இளைப்பாறும் நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பவர்கள். ஒரு காலத்தில் என்னிடம் பாடம் கேட்டவர்கள் என்னும் உரிமையினால் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வருவார்கள். தேநீர் குடித்து முடியுமுன்பே அந்தக் கேள்வியும் வந்துவிடும். “சேர், கடைசிக் காலத்தைக் கடற்கரைப் பக்கமாகக் கழிக்கலாம் என்று நினைக்கிறோம். எந்தப் பக்கம் காணி வாங்கினால் நல்லது?”

கேள்வியிலே குறை காண்பதற்கில்லை. மாரிக்காலத்திலே நேரத்தோடேயே இருள் சூழ்ந்துவிடும் நாடுகளில், பனியை வாரிக் கொட்டி வழி செய்துகொண்டு வேலைக்குப் போனவர்கள், முழங்கால் நோகத் தொடங்கும் வயதில் வெயிலையும் கடற்காற்றையும் நாடுவது இயற்கை. சிறு வயதில் கீரிமலைக் கேணியிற் பாய்ந்து குளித்ததும், பருத்தித்துறை முனையிலே நின்று கப்பல் பார்த்ததும் நெஞ்சைவிட்டு அகலுவனவா? ஆசை நேர்மையானதே. ஆயின் அந்த ஆசைக்கு இடம் தேடும் முறையிலேதான் எனக்குப் பெரிய ஐயம் உண்டு. அதனைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இப்படி ஊர் திரும்புவது நமக்குப் புதிதன்று. மலாயாவிலே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்த்துவிட்டு, இளைப்பாற்றுச் சம்பளத்துடன் ஊர் மீண்ட ஒரு தலைமுறையை நமது மூத்தோர் கண்டிருக்கின்றனர். ‘மலாயன் பென்சனியர்’ என்றாலே கல்வீடும், விறாந்தையிற் சாய்மனைக் கதிரையும், கையிலே பத்திரிகையுமாக ஒருவர் கண்முன் தோன்றுவார். அவருள் எவரும் ‘எங்கே காணி வாங்கலாம்’ என்று என் போன்றவனைக் கேட்டதாக நான் அறியேன். கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. மனைவியின் சீதன வளவு எங்கே இருந்ததோ அங்கே வீடு. அந்த வளவின் கிணறு எத்தகையது, மழைக்கு அந்த ஒழுங்கை எப்படி இருக்கும், பக்கத்து வீட்டார் யார் எவர் என்பதெல்லாம் இரண்டு தலைமுறைக்கு முன்பே தீர்ந்துபோன விடயங்கள். இடத்தை அவர் தெரிந்தெடுக்கவில்லை. ஊரே அவருக்காகத் தெரிந்தெடுத்து வைத்திருந்தது.

இன்று நிலைமை வேறு. சீதன வளவு விற்றாயிற்று. அல்லது மூன்று கண்டங்களிலே சிதறியிருக்கும் ஐந்து சகோதரருக்கு அது பொது முதிசமாய்க் கிடக்கிறது. அல்லது 1990இலே விட்டு வெளியேறிய வலிகாமம் வடக்கிலே எல்லைக் கல்லும் தெரியாமற் பற்றை மூடிக் கிடக்கிறது. ஆகவேதான் ‘எங்கே’ என்ற கேள்வி பிறக்கிறது. கேட்பவருக்கு வழிகாட்ட ஊரும் இல்லை, முறையும் இல்லை. இருப்பது மூன்று கிழமை விடுமுறையும், வாடகைக் காரும், காணித் தரகரும்.

அந்த மூன்று கிழமை எந்த மூன்று கிழமை என்பதிலேதான் இடர்ப்பாடு. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்திலே, ஆடி கடந்து ஆவணி பிறக்கும் காலத்தில் நடப்பது. அப்பொழுது சோளகம் வீசும். தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் அந்தக் காற்றிலே வடகரைக் கடல் குளம் போலக் கிடக்கும். வானத்திலே மேகம் இராது. ஒழுங்கைகள் காய்ந்து வெண்மணலாய்க் கிடக்கும். மாலைப் பொழுதிலே தொண்டைமானாற்றுக் கரையில் நின்றால் வாழ்வில் இதைவிட என்ன வேண்டும் என்று எவருக்கும் தோன்றும். தரகர்களும் நல்ல தரகர்கள். மாலை ஐந்து மணிக்கு முன் கடற்கரைக் காணியைக் காட்டவே மாட்டார்கள். மறுகிழமை முற்பணம் கைமாறும். விமானமேறிப் போனவருக்கு அந்தக் காணி என்றைக்கும் ஆகஸ்ட் மாதத்திலேயே இருக்கும்.

வாழப்போகிறவருக்கு மற்றைய பதினொரு மாதங்களும் உண்டு. அவற்றுள் இரண்டு காலங்களை நான் பரீட்சைக் காலம் என்பேன். முதலாவது, புரட்டாதி, கிணறுகள் அடி தெரியும் காலம். இரண்டாவது, கார்த்திகை, மழையும் வாடையும் சேரும் காலம். இவ்விரண்டையும் பாராமற் கடற்கரையிலே காணி வாங்குவது, பெண்ணின் புகைப்படத்தைப் பார்த்துத் தாலி கட்டுவது போன்றது. அதுவும் நமக்குப் பழக்கமானதுதான். ஆனாற் கலியாணம் சில வேளை நன்றாய் முடிந்துவிடுகிறது.

முதலிற் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாறு மழைக்கு ஓடி வெயிலுக்கு மறைவது. நாம் குடிப்பதெல்லாம் ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்யும் மழை, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுள் இறங்கித் தங்குவதேயன்றி வேறன்று. தங்குவது எங்கே? கடல்நீரின் மேலே. குடாநாட்டின் அடியிலே உவர்நீர் பரந்திருக்க, அதைவிடப் பாரங் குறைந்த நன்னீர் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றாற் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளரின் பொதுக் கணக்கு. இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு. மேல்மட்டத்தை 1 அடி நிலையாக இறக்கிவிட்டாற் கீழிருந்து உவர் 40 அடி மேலேறி வர இடமுண்டு. குடாநாட்டின் நடுவிலே இந்த நன்னீர்ப் படை தடித்திருக்கும். கரையை நெருங்க நெருங்க மெலிந்து, கடலோரத்திலே தாமரை இலை விளிம்புபோல ஆகிவிடும்.

புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றைப் பள்ளிச் சுற்றுலாவிலே பார்த்திராத மாணவர் நம்மிடையே இரார். மேலே நன்னீர், ஆழத்திலே உப்புநீர். இலங்கையைப் பற்றி 1859இல் வெளிவந்த தமது பெருநூலிலே சேர் எமர்சன் ரெனன்ற் இக்கிணற்றை வியந்து எழுதியிருக்கிறார். வற்றாத அதிசயக் கிணறு என்று அதனை மாணவருக்குக் காட்டுகிறோம். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றின் குணத்தை வாய்திறந்து சொல்லும் கிணறு அது என்று காட்டினால் இன்னும் பயன்படும்.

துலாவினால் இறைத்த காலத்திலே ஒரு வீட்டார் அள்ளிய நீருக்கு மனிதரின் கைவலிமை எல்லை வகுத்தது. இன்று ஓர் ஆளியை அழுத்தினாற் கூரைத் தொட்டி நிரம்புகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர் கட்டும் வீட்டிலே அறைக்கொரு குளியலறை, முற்றத்திலே புற்றரை, சிலருக்கு நீச்சற்குளமும் வேண்டுமாம், கடலிலிருந்து இருநூறு யார் தூரத்தில்! முதலாண்டு கிணறு இனிக்கும். இரண்டாம் ஆண்டு புரட்டாதியிலே தேநீரின் சுவை சற்று மாறும். ஐந்தாம் ஆண்டிலே பவுசர் வண்டி வாசலில் வந்து நிற்கும். கெட்டது அவருடைய கிணறு மட்டுமானால் அவர் பாடு என்று விட்டுவிடலாம். நிலத்தடி நீருக்கு மதிலும் வேலியும் இல்லை. அவர் இறைத்த இறைப்பிலே, பக்கத்திலே மூன்று தலைமுறையாய் நல்ல தண்ணீர் குடித்த குடும்பமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போக நேர்கிறது.

வடமராட்சி கிழக்கிலே தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் அளவினது என்றனர். நல்ல காரியம். ஆயினும் நீங்கள் வாங்க நினைக்கும் ஒழுங்கையின் கோடி வரை அந்தக் குழாய் வந்திருக்கிறதா என்பதைக் கண்ணாற் கண்டபின் அதனைக் கணக்கிற் சேருங்கள்.

நீரைச் சோதிப்பதற்கு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்குப் போத்தலிலே கொண்டுபோய்க் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளிலே எண்ணெய்க் கலப்பு இருப்பது 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரும் கிளர்ச்சிக்குக் காரணமானதை நாம் மறக்கலாகாது. தோட்டப் பகுதிகளில் உரத்தினால் நைத்திரேற்று மிகுந்த கிணறுகளும் உண்டு. நாவுக்கு அது தெரியாது. ஆய்வுகூடத்துக்குப் போகுமுன், பக்கத்து வீட்டுப் பெண்களிடம் போங்கள். “அக்கா, இந்தத் தண்ணியிலே பருப்பு அவியுமா?” என்று கேளுங்கள். உவரும் கடினமும் மிகுந்த நீரிலே பருப்பு எளிதில் அவியாது. குடிக்க ஒரு குடமும் குளிக்க ஒரு கிணறுமாக வேறு வேறு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கோடிப்புறத்திலே வாழை எப்படி நிற்கிறது, அதன் இலையின் விளிம்பு கருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தரகர் சொல்வதையெல்லாம் வாழை சொல்லாது.

இன்னொன்றையும் கூசாது சொல்லிவிட வேண்டும். கடற்கரையிலே இன்று இரண்டு பரப்பு, மூன்று பரப்பாகத் துண்டாடி விற்கிறார்கள். ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். அந்தச் சிறு துண்டிலே வீடும் கிணறும் மலக்குழியும் அடங்க வேண்டும். அடுத்த துண்டிலும் அப்படியே. வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லிலே ஒருவர் குழியும் மற்றவர் கிணறும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று அளந்து பார்த்தவர் எத்தனை பேர்? உறுதியிலே ‘வழி வாய்க்கால், கிணற்றுப் பங்கு’ என்றெல்லாம் நம் முன்னோர் நுணுக்கமாய் எழுதிவைத்தது பொழுதுபோக்குக்காகவன்று.

கார்த்திகைப் பரீட்சை வேறு வகை. சோளகத்திலே குளமாய்க் கிடந்த அதே வடகரைக் கடல் வாடை பிறந்ததும் முகம் மாறும். வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரையிலே வீதிக்கும் கடலுக்கும் இடையே சில இடங்களில் வீடொன்றின் அகலமே உண்டு. இரவு முழுவதும் அலையின் இரைச்சல்; யன்னற் கண்ணாடியிலே உப்புப் படலம். இரும்புக் கம்பி உள்ளே துருவேறிப் பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். கடற்கரை வீட்டைக் கட்டுவதற்கு ஒரு பணமும், காப்பதற்கு அதற்குக் குறையாத இன்னொரு பணமும் வேண்டும். தாழ்ந்த பக்கங்களிலே, சிறப்பாகக் கடனீரேரியை அண்டிய ஊர்களிலே, மழைநீர் வடிய வழியில்லாது நாட்கணக்கில் நிற்கும். 2008 நவம்பரிலே ‘நிஷா’ புயற் காலத்தில் யாழ்ப்பாணத்திலே ஒரே நாளில் 390 மில்லிமீற்றரை நெருங்கிய மழை கொட்டிற்று. அன்று எந்த வீட்டுப் படி வரையில் வெள்ளம் வந்தது என்று அயலாரைக் கேட்டால் சுவரிலே கை வைத்துக் காட்டுவார்கள். அந்தக் கையின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26ஐப் பற்றி நான் விரிப்பது வேண்டாததே. மணற்காடும் மருதங்கேணியும் முல்லைத்தீவும் அதனைச் சொல்லும். நினைவிலே கொள்ள வேண்டியது ஒன்று: வடமராட்சி கிழக்கின் மணற்குன்றுகள் வெறும் மண்மேடுகளல்ல. கடலைத் தடுப்பதும் மழைநீரைப் பிடித்துவைப்பதும் அவையே. அந்த மணலை அள்ளிக் கட்டிய வீட்டிலே இருந்துகொண்டு கடலுக்கு அஞ்சுவது பொருந்தாது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன்; அதற்கு நொத்தாரிசுமார் இருக்கிறார்கள். பிறநாட்டுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் இங்கே காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அத்தடை இல்லை. உரிமை வழியிலே முதிசமாய் வருவதற்கும் விலக்கு உண்டு. இதனை அறியாது மைத்துனர் பெயரிலே வாங்கி, பின்பு மைத்துனரையும் காணியையும் ஒருங்கே இழந்த கதைகளை நான் கேட்டிருக்கிறேன். கடலின் உயர்நீர் எல்லையிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலம் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. அங்கே கட்டுவதற்கு அனுமதி பெற வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட காணியானால், பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முன்னறிவித்தல் கொடுத்துத்தான் பிறருக்கு விற்கலாம். இது 1707இலே ஒல்லாந்தர் தொகுப்பித்த வழமையிலிருந்து வந்து, 1947ஆம் ஆண்டின் சட்டத்திலே வரையறை பெற்றது. ‘பங்காளிகள் எல்லாரும் வெளியிலே, ஒருவரும் கேட்க மாட்டார்கள்’ என்று சொல்லப்படும் காணிகளே அதிகம் கேட்கப்படுகின்றன. பத்தாண்டு ஆட்சியினால் உரிமை கோரும் வழக்குகளும் இங்கே பல. இடம்பெயர்ந்தோரைக் காப்பதற்காக 2016இலே தனிச் சட்டமொன்று இயற்ற வேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

‘யாழ்ப்பாணமே ஏன்? மட்டக்களப்பு இல்லையா, திருகோணமலை இல்லையா, கடல் தாண்டினாற் புதுச்சேரி இல்லையா?’ என்று கேட்பாரும் உளர். கிழக்கிலே கல்குடாவும் நிலாவெளியும் அழகிலே நம் கரைகளை வெல்லுவன. ஆறும் குளமும் உடைய மாகாணம் அது. 1978 நவம்பர்ச் சூறாவளியை மட்டக்களப்பார் இன்னும் மறக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உறவினர் அங்கே உளரேல் தயங்காது போகலாம். இந்தியக் கரையைப் பொறுத்தவரை, இலங்கைக் குடிமகன் ஒருவர் அங்கே ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு எடுப்பதன்றி, ரிசர்வ் வங்கியின் முன்னனுமதியின்றி வீடு காணி வாங்குதல் இயலாது. விடுமுறைக்குப் போய்வருவதற்கு எளிதாயிற்று. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் 2019 முதற் பறக்கத் தொடங்கியது. குடியிருப்பது வேறு.

இனி, நான் மிகவும் வருந்தும் ஒன்றுக்கு வருகிறேன். கடற்கரை வெறுநிலம் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். உள்ளூரிலே பிறந்து கல்லூரிக்கும் கந்தோருக்கும் போன நமக்குக் கடற்கரை என்பது காற்று வாங்கும் இடம். அங்கே வாழ்பவருக்கு அது வேலைத்தலம். வள்ளம் இழுத்து ஏற்றுவதற்கு ஓர் இடம், வலை உலர்த்துவதற்கு ஓர் இடம், கரைவலைப் பாட்டுக்கு ஓர் இடம், வாடி அடிப்பதற்கு ஓர் இடம், கருவாடு காயப்போடுவதற்கு ஓர் இடம் என்று ஒவ்வொரு முழ மணலுக்கும் அங்கே கணக்கு உண்டு. அந்தக் கணக்கு உறுதியிலே எழுதப்பட்டிராது. ஆதலினாலே தரகரின் நாடாவுக்கு அது அகப்படுவதில்லை.

நான் கண்ட ஒரு கரையைச் சொல்லுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்று காலங்காலமாய் இருந்தது. இருபுறமும் காணி வாங்கியவர் ஒருவரே. எட்டடி மதில் எழுந்தது; இரும்புக் கதவும் வந்தது; ஒழுங்கை வளவுக்குள் அடங்கிவிட்டது. மீன் கூடையைத் தலையிலே சுமந்து அந்த வழியே நடந்த பெண்கள் இப்போது அரை மைல் சுற்றி நடக்கிறார்கள். வீட்டுக்காரர் தீயவரல்லர், கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுத்தவர். வெளிநாட்டிலே தமது வளவின் எல்லை எதுவோ அதுவரை மதில் கட்டுவது முறை என்று பழகிவிட்டார். சென்ற மாரியில் ஓரிரவு அவருக்கு நெஞ்சு வலித்தது. மனைவி மதிலுக்கு உள்ளே நின்று கூப்பிட்டார். வாடைக் காற்றிலும் அலையிரைச்சலிலும் அக்குரல் எட்டடி மதிலைத் தாண்டவில்லை. தற்செயலாகத் தொழிலுக்கு இறங்க வந்த இளைஞர் இருவர் வெளிச்சத்தைக் கண்டு கதவைத் தட்டி, ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். பிழைத்துக்கொண்டார். அந்த ஒழுங்கை இன்னும் திறக்கவில்லை. ஆனால் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் மனைவி என்னிடம் சொன்ன வார்த்தையே எனது முழுக் கருத்தையும் மாற்றியது. “மாஸ்ரர், இவருக்குக் கடல் வேணும் எண்டார், வந்தம். இவருக்குப் பிறகு இந்தக் கடலோடை நான் என்ன கதைக்கிறது?” என்றார்.

காணி தேடி வருகின்ற கணவன்மார் எவரும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. அறுபது வயதிலே, கார் ஓட்டும் கண்ணும் மாடியேறும் காலும் உடைய ஓர் ஆணுக்காகவே வீடு தெரியப்படுகிறது. அதிலே நெடுங்காலம் வாழப்போகிறவரோ பெரும்பாலும் எண்பது வயதிலே தனித்து நிற்கப்போகும் ஒரு பெண். ஆண்கள் முந்திப்போவதே வழக்கம் என்பது எந்த ஊர்ச் செத்தவீட்டுக் கணக்கைப் பார்த்தாலும் தெரியும். அந்த அம்மாவுக்கு எது வேண்டும்? நடந்து போகக்கூடிய தூரத்திலே ஒரு சந்தை, ஒரு கோயில் அல்லது தேவாலயம், மருந்து வாங்க ஒரு கடை. வேலிக்கு மேலாலே, “என்ன அக்கா, இண்டைக்கு என்ன கறி?” என்று கேட்க ஒரு குரல். ஒருநாட் காலையில் யன்னல் திறவாவிட்டால் ஏன் திறக்கவில்லை என்று எட்டிப் பார்க்க ஓர் ஆள். இவற்றை ‘வசதிகள்’ என்று காணி விளம்பரங்களிலே போடுவதில்லை.

ஆசுபத்திரிக் கணக்கையும் இவருக்காகவே போட வேண்டும். வடமாகாணத்துக்குப் போதனா வைத்தியசாலை ஒன்றே. அது யாழ்ப்பாண நகரின் நடுவிலே இருக்கிறது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. தெல்லிப்பழையிலே புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவும் உண்டு. வரைபடத்திலே எத்தனை மைல் என்று பாராமல், இரவு இரண்டு மணிக்கு, மழையிலே, ஓட்டோவில் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். தீவுப் பகுதியிலே புங்குடுதீவு வரை தாம்போதி வழியாகப் போகலாம். குறிகட்டுவானுக்கு அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். நெடுந்தீவின் கல்வேலிகளையும் குதிரைகளையும் நானும் விரும்புகிறேன். எண்பது வயதிலே நெடுந்தீவில் வாழத் துணிவது அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்கே பொருந்தும்.

‘இவ்வளவும் சொல்லிவிட்டு எங்கேதான் வாங்கச் சொல்லுகிறீர்?’ என்றால் மறைக்காமற் சொல்லுகிறேன். கடலிலிருந்து ஒன்றிரண்டு மைல் உள்ளே வாருங்கள். வடமராட்சியில் அல்வாய், கரவெட்டி, உடுப்பிட்டிப் பக்கம். வலிகாமத்திலே தெல்லிப்பழையைச் சூழ்ந்த ஊர்கள். நன்னீர்ப் படை அங்கே கரையோரத்தைவிடத் தடித்தது, வளவுகள் அகன்றவை, பனையும் வேலியும் வாடையைத் தடுக்கும், ஒழுங்கையிலே சனம் நடமாடும். மாலையிலே பத்து நிமிடத்திற் கடலுக்குப் போகலாம். இருட்டியதும் வீட்டுக்கு வரலாம். கடலை வைத்திருக்க வேண்டுவதில்லை, போய்ப் பார்க்கலாம். கடற்கரையிலேதான் இருப்பேன் என்று பிடிவாதமாய் நிற்பவர் பருத்தித்துறை நகரத்துக்குள்ளே ஒரு பழைய வீட்டை எடுத்துத் திருத்தட்டும். முருகைக்கல்லிலே கட்டிய அந்தச் சுவர்களின் உள்ளே துருப்பிடிக்கக் கம்பி இல்லை. ஆசுபத்திரியும் பஸ் நிலையமும் சந்தையும் நடை தூரம்.

என் கருத்துக்கு எதிர்க்கருத்து உண்டென்பதை அறிவேன். ‘நாற்பது ஆண்டு அயலாருக்காகவும் பிள்ளைகளுக்காகவும் வாழ்ந்தோம், இனியாவது தனிமையும் அமைதியும் வேண்டாமா?’ என்று ஒரு மாணவர் சற்றுக் கோபத்துடனேயே எழுதியிருந்தார். அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன். யாழ்ப்பாணத்து அயல் என்பது எப்போதும் அமுதமன்று. எல்லைச் சண்டையும், வீண்பேச்சும், சாதியும் அதிலே உண்டு. வேலி ஓலையிலே ஓட்டை போட்டுப் பார்ப்பாரும் உண்டு. அவற்றிலிருந்து ஓடியவர்கள் மீண்டும் அவற்றினிடையே வந்து குந்த வேண்டுமென்று நான் எப்படிக் கட்டளையிடலாம்? அவருக்கு எழுதிய பதிலிலே ஒன்றே கேட்டிருந்தேன். காணி வாங்குமுன், புரட்டாதி நடுவிலே வந்து கார்த்திகை முடியும் வரை ஒரு வாடகை வீட்டிலே இருந்து பாருங்கள். துணைவியாரையும் அழைத்து வாருங்கள். ஒரு கிழமையேனும் அவரைத் தனியே விட்டு நீங்கள் கொழும்புக்குப் போய் வாருங்கள் என்று.

பதில் வந்திருக்கிறது. இந்த முறை திருவிழாவுக்கு வரவில்லையாம். புரட்டாதியில் இருவரும் வருகிறார்களாம். அல்வாயிலே இரண்டு அறையுள்ள வீடொன்றை மூன்று மாதத்துக்குப் பேசி வைத்திருக்கிறேன். பங்குக் கிணறு. நேற்றுப் போய் ஒரு செம்பு அள்ளிக் குடித்துப் பார்த்தேன், நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் இது ஆவணி.